‘பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிடுங்க’: உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசாமல் போகிறது. பெட்டியைத் தட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு நொடி சத்தம் வருகிறது, மறுபடி போய்விடுகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

போனை எடுத்து ஆன்லைனில் புது ஸ்பீக்கர் விலை பார்ப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருந்து இன்னொன்றுக்கு மாறியபோது நடந்தது இது. அப்பா 1994-ல் போனஸ் பணத்தில் வாங்கிய ஸ்டீரியோ செட் அது. ஒரு ஆம்ப், இரண்டு மரப்பெட்டிகள். புது வீட்டில் மாட்டியதும் இடது பெட்டி ஊமை. கண் ஆபரேஷன் முடிந்து ஆம்பூரில் இருந்து அப்பா 10 நாளில் வரவிருந்தார். “டிவி, போன் எதுவும் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பாட்டு கேட்டுக்கிட்டு இருந்துடறேன்” என்று போனில் சொல்லியிருந்தார்.

சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு போன் போட்டேன். “இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வராது சார், புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். ‘பழைய ஆம்ப், அதுதான் போயிருக்கும்’ என்று நானே முடிவு கட்டி, ஏழாயிரத்துச் சொச்சத்துக்குப் புது ஆம்ப் வாங்கினேன். மாட்டினேன். இடது பெட்டி அப்போதும் பேசவில்லை.

கடைசியில் மாஸ்க் ரோடு பக்கம் ஒரு சந்தில் இருந்த மெக்கானிக் அண்ணனிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கையில் எடுத்தது ஒரு டார்ச் பேட்டரி செல், இரண்டு துண்டு வயர். பத்தே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். அவர் வாங்கிய கூலி 150 ரூபாய்.

அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. நான் ஊகித்தேன், அவர் சோதித்தார். அந்தச் சோதனை முறையைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

இது ஏன் முக்கியம்?

முதல் காரணம், உங்கள் பணம். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது.

ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது அதில் 22.3% மட்டுமே. இப்படியே போனால் 2030-ல் இந்தக் கழிவு 8.2 கோடி டன்னாக உயரும் என்கிறது அதே அறிக்கை.

ஒரு சால்டர் விட்டுப்போனதற்காகத் தூக்கிப் போடப்படும் ஸ்பீக்கரும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. அதில் உள்ள காந்தம், செம்பு, மரம் எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும்.

ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது?

இன்று நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

நடுவில் ஒரு காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிய காயில். காயிலோடு ஒட்டிய கோன். ஆம்பில் இருந்து வரும் மின்சாரம் காயிலுக்குள் பாயும்போது அது முன்னும் பின்னும் நகர்கிறது. கோன் காற்றைத் தள்ளுகிறது. அதுதான் சத்தம்.

கோனின் வெளி ஓரத்தை ஃபோம் அல்லது ரப்பர் வளையம் ஒன்று ஃப்ரேமோடு பிடித்திருக்கும். கோனுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி வட்டம் காயிலை நடுவிலேயே நிறுத்தி வைக்கும். அதன் பெயர் ஸ்பைடர்.

பெரிய பெட்டிகளில் கனமான சத்தத்துக்கு வூஃபர், கீச்சு சத்தத்துக்கு ட்வீட்டர் என இரண்டு இருக்கும். எந்தச் சத்தம் யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர் என்ற சின்ன போர்டு.

ஆக, போன் அல்லது டிவி, அங்கிருந்து வரும் கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர் வயர், பெட்டியின் பின்பக்க டெர்மினல், கிராஸ்ஓவர், கடைசியில் வூஃபரும் ட்வீட்டரும். இது ஒரு சங்கிலி. ‘ஸ்பீக்கர் போச்சு’ என்று நாம் சொல்வது இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்பதைத்தான். எந்தக் கண்ணி என்பதுதான் கேள்வி.

தொடங்கும் முன்: எதைத் திறக்கக் கூடாது?

ஆம்ப் இல்லாத வெறும் மரப்பெட்டியை நீங்கள் தைரியமாகத் திறக்கலாம். உள்ளே ஆபத்தான மின்சாரம் கிடையாது. ஆம்பில் இருந்து வயரைக் கழற்றிவிட்டால் போதும்.

ஆனால் சுவரில் நேரடியாகச் செருகும் எதையும், அதாவது ஆம்ப், சவுண்ட்பார், 2.1 செட்டின் சப்வூஃபர் பெட்டி ஆகியவற்றை, அனுபவம் இல்லாமல் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் ஏசி, ஸ்விட்ச் மோடு பவர் சப்ளைக்குள் டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சருக்குள் அது தங்கியிருக்கலாம். தொட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

இன்னொன்று. ஆன் செய்ததும் கோன் ‘டப்’ என்று ஒரு பக்கம் தள்ளி அப்படியே நிற்கிறதா? கருகல் வாசனை வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். ஆம்பின் ஐசி பழுதாகி டிசி மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதன் அறிகுறி இது. அந்த ஆம்பில் நல்ல ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்தால் அதுவும் எரிந்துபோகும். அடுத்து வரும் மாற்றிப்போடும் சோதனையை அந்த ஆம்பில் செய்யவே கூடாது.

படி 1: இடம் மாற்றிப் பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலை செய்வதுதான் உங்களிடம் உள்ள மிகச் சிறந்த கருவி. இடது ஊமை, வலது பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எளியவை. போனில் பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா? அணுகல்தன்மை அமைப்புகளில் அந்த ஸ்லைடர் இருக்கும். தெரியாமல் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். வேறொரு போன் அல்லது லேப்டாப்பில் இருந்தும் பாட்டு போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஆம்பை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். வயர் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப் ஓடும்போது அவை உரசினால் ஐசி போய்விடும்.

இப்போது ஆன் செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும்.

அதே இடது பெட்டிதான் இன்னும் ஊமையாக இருக்கிறது என்றால், ஆம்ப் நன்றாக இருக்கிறது. கோளாறு அந்த வயரில் அல்லது பெட்டியில்.

இடது பெட்டி பேசி, வலது பெட்டி ஊமையாகிவிட்டது என்றால், இரண்டு பெட்டிகளும் நன்றாக இருக்கின்றன. கோளாறு ஆம்பில் அல்லது அதற்கு முன்னால்.

இந்த ஒரே மாற்றத்தில் சங்கிலியின் பாதி நிரபராதி ஆகிவிட்டது. மீதிப் பாதியையும் இதே போலப் பிரியுங்கள்.

பெட்டிப் பக்கம் என்றால், வலது பெட்டியின் வயரைக் கொண்டுவந்து இடது பெட்டியில் மாட்டுங்கள். பேசினால் பழைய வயர் அறுந்திருக்கிறது. பேசாவிட்டால் பெட்டிக்குள் கோளாறு.

ஆம்ப் பக்கம் என்றால், ஆம்புக்குள் வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை பக்கம் மாறினால் கேபிள் அல்லது போன் பக்கம் கோளாறு. மாறாவிட்டால் ஆம்ப்.

நான் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் ஏழாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

படி 2: சத்தம் என்ன சொல்கிறது?

சத்தம் முழுசாக நிற்காமல் கெட்டுப்போயிருந்தால், அது எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே துப்பு.

*வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகர சத்தம்:* வால்யூம் கண்ட்ரோலுக்குள் தூசி. ஆம்பை அணைத்து, வால்யூமை இரு பக்கமும் 20, 30 தடவை முழுசாகத் திருகினாலே பல நேரம் சரியாகும். இல்லாவிட்டால் மெக்கானிக் கான்டாக்ட் க்ளீனர் அடித்துத் தருவார்.

*தட்டினால் வருகிறது, போகிறது:* சால்டர் விட்டிருக்கிறது அல்லது வயர் உள்ளே அறுந்திருக்கிறது.

*பேஸ் வரும்போது ‘பர்ர்’ என்ற சத்தம்:* ஃபோம் வளையம் கிழிந்திருக்கலாம். அல்லது பெட்டியின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம்.

*எந்த வால்யூமிலும் தேய்க்கும் சத்தம்:* காயில் காந்தத்தில் உரசுகிறது.

*பாட்டு மந்தமாக, போர்வைக்குள் இருந்து கேட்பது போல:* ட்வீட்டர் வேலை செய்யவில்லை.

*சத்தம் இருக்கிறது, பேஸ் மட்டும் காணோம்:* ஒரு பெட்டியில் + வயரும் − வயரும் இடம் மாறியிருக்கலாம். ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போவதால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வீடு மாறிய பிறகு ‘முன்ன மாதிரி இல்லையே’ என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள். செலவு பூஜ்யம்.

படி 3: அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

பாட்டு போடாதபோதும் ஒரு ரீங்காரம் கேட்கிறதா? ஆம்புக்குள் வரும் எல்லா கேபிள்களையும் கழற்றுங்கள்.

ரீங்காரம் நின்றுவிட்டால் ஆம்ப் நன்றாக இருக்கிறது. கேபிளின் ஷீல்டு அறுந்திருக்கலாம். அல்லது டிவியும் ஆம்பும் வெவ்வேறு ப்ளக் பாயின்டில் இருந்து எர்த் எடுப்பதால் வரும் கிரவுண்ட் லூப் ஆக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். ரீங்காரத்தை நிறுத்துவதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உங்கள் உயிரைக் காக்கும் பின்.

கேபிள்களைக் கழற்றியும் ரீங்காரம் தொடர்ந்தால், ஆம்பின் பவர் சப்ளையில் உள்ள பெரிய கண்டென்சர்கள் தளர்ந்திருக்கலாம்.

இதை எண்ணிலும் பார்க்கலாம். இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள் அது டிசியாக மாறும்போது 100 ஹெர்ட்ஸ் சிற்றலை உண்டாகும். அதை வழித்து எடுப்பதுதான் கண்டென்சரின் வேலை. எனவே 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பொதுவாக கேபிள், எர்த் பக்கம் கைகாட்டும். 100 ஹெர்ட்ஸ் பவர் சப்ளையை. போனில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் அருகே வைத்தால் எந்த எண்ணில் முகடு எழுகிறது என்று தெரியும். காது பழகியவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம். இது துணைச் சான்றுதான். கேபிளைக் கழற்றும் சோதனையின் முடிவையே முதலில் நம்புங்கள்.

கண்டென்சர் ஏன் தளர்கிறது? வெப்பம். உள்ளே இருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட கண்டென்சர், 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். தினம் 6 மணி நேரம் பாட்டு கேட்டால் 14 ஆண்டுகளுக்கு மேல். அதே ஆம்பைக் காற்றுப் போகாத ஷோகேஸுக்குள் வைத்து, உள்ளே 75 டிகிரி ஆனால்? சுமார் 7 ஆண்டுகள். ஆம்புக்கு மேலே சாமி படத்தையும் பழைய பேப்பரையும் அடுக்காதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

படி 4: பேட்டரி செல், மல்டிமீட்டர்

கோளாறு பெட்டிக்குள் என்று உறுதியானால் இங்கே வாருங்கள். ஆம்பில் இருந்து வயரைக் கழற்றுங்கள். ஒரு 1.5 வோல்ட் செல்லில் இருந்து இரண்டு வயரைப் பெட்டியின் பின்பக்க டெர்மினலில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ‘டிக்’ என்று சத்தம் கேட்டு கோன் அசைந்தால் வூஃபர் உயிரோடு இருக்கிறது. செல்லின் + முனை, டெர்மினலின் + முனையைத் தொட்டால் கோன் பொதுவாக வெளியே வரும். வயர் இடம் மாறியிருக்கிறதா என்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். தொட்டபடி வைத்திருக்காதீர்கள், காயில் சூடாகும். 9 வோல்ட் பேட்டரி வேண்டாம். ட்வீட்டரில் நேரடியாக இந்தச் சோதனையே வேண்டாம், அதன் காயில் மிக மெல்லியது.

‘டிக்’ வரவில்லையா? ஸ்க்ரூக்களைக் கழற்றி வூஃபரை வெளியே எடுங்கள். அதன் பின்னால் இருக்கும் இரண்டு காதுகளில் செல்லை நேரடியாகத் தொடுங்கள். இங்கே ‘டிக்’ வந்தால் வூஃபர் நல்லது. கோளாறு டெர்மினலுக்கும் வூஃபருக்கும் நடுவில்.

என் பெட்டியில் நடந்தது சரியாக இதுதான். வெளி டெர்மினலில் சத்தம் இல்லை, வூஃபரில் நேராகத் தொட்டதும் ‘டிக்’. மெக்கானிக் அண்ணன் டெர்மினலின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சால்டர் விரிசல் விட்டு வயர் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

“வீடு மாத்தும்போது வயரைப் புடிச்சு இழுத்துத் தூக்கினீங்களா தம்பி?” என்று கேட்டார். மூவர்ஸ் மேல் பழி போடப் பார்த்தேன். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கியது நான்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். ஓம் அளவில் வைத்து வூஃபரின் இரு காதுகளில் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டர் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.8 வரை. ‘8 என்று போட்டிருக்கே, 6 காட்டுதே’ என்று பயப்பட வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஏசி சிக்னலுக்கான அளவு, மீட்டர் காட்டுவது வெறும் கம்பியின் எதிர்ப்பு. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு மிக அருகில் காட்டினால் காயில் ஷார்ட் ஆகியிருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெட்டியின் வெளி டெர்மினலில் வைத்துப் பார்த்தால் நீங்கள் அளப்பது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சர் டிசியை உள்ளே விடாது. எனவே மீட்டர் ‘நல்லாருக்கு’ என்று காட்டினாலும் ட்வீட்டர் செத்திருக்கலாம். ட்வீட்டரின் ஒரு வயரையாவது கழற்றிவிட்டுத் தனியாக அளக்க வேண்டும்.

கடைசியாக விரல் சோதனை. கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். மணல் உரசுவது போலக் கேட்டால் காயில் உரசுகிறது. நடுவில் உள்ள குமிழை மட்டும் அழுத்தாதீர்கள், நசுங்கிவிடும்.

எதை நீங்களே சரிசெய்யலாம்?

*நீங்களே செய்யக்கூடியவை:* வயர் மாற்றுவது, + − சரிசெய்வது, தளர்ந்த ஸ்க்ரூ, சால்டரிங் தெரிந்தால் டெர்மினல் வயரை மீண்டும் ஒட்டுவது. கொஞ்சம் பொறுமை இருந்தால் ஃபோம் வளையம் மாற்றுவதும் இந்தப் பட்டியலில் வரும்.

ஃபோம் தானாகவே மக்கும். காற்றின் ஈரமும் வெயிலும் சேர்ந்து பாலியூரிதேனை உடைக்கின்றன. 10, 20 ஆண்டுகளில் விரல் பட்டாலே மாவாக உதிரும். ரப்பர் வளையம் இதைவிட நீண்ட நாள் தாங்கும். ஃபோம் மட்டும் போனதற்காக வூஃபரைத் தூக்கிப் போட வேண்டாம். கோனின் வெளி விட்டத்தையும் ஃப்ரேமின் உள், வெளி விட்டங்களையும் மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவு வளையம் வாங்குங்கள். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுத்து, முதலில் கோனில், பிறகு ஃப்ரேமில் ஒட்டுங்கள். பசை காய்வதற்குள் கோனை அழுத்தி அழுத்தி உரசல் இல்லை என்று பாருங்கள். நடு தவறினால் காயில் உரசும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

*மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியவை:* ஆம்ப், சவுண்ட்பார், பவர் சப்ளை, எரிந்த காயில், கிராஸ்ஓவர். நம்மூர் 2.1 செட்டுகள் பலவற்றில் இருக்கும் டிடிஏ2030 போன்ற ஐசிகள் எளிதாகக் கிடைப்பவை, விலையும் குறைவு. கிராஸ்ஓவர் கண்டென்சரை மாற்றினால் அதே மைக்ரோஃபாரட் அளவில், + − இல்லாத நான்-போலார் வகையைத்தான் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

ட்வீட்டர் எரிந்திருந்தால் அது ஏன் எரிந்தது என்றும் கேளுங்கள். சின்ன ஆம்பை முழு வால்யூமில் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டருக்கு அளவுக்கு மீறிய சக்தி போகும். காரணத்தை மாற்றாமல் ட்வீட்டரை மட்டும் மாற்றினால், அடுத்த பார்ட்டியில் அதுவும் போகும்.

*ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால்:* முதலில் சார்ஜிங் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். அடுத்து சார்ஜிங் போர்ட்டில் சேர்ந்த பஞ்சுத் தூசியை மரக்குச்சியால் எடுங்கள். பிளக்கில் இருக்கும்போது மட்டும் பாடுகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது. அதை அதே அளவு, பாதுகாப்பு போர்டு உள்ள புது செல்லாக மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், நெம்பாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

எங்கே போவது? என்ன கேட்பது?

1898 பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசல் குறைந்த குடியிருப்பாகத் திட்டமிட்டு 1910-ல் உருவானது பிரேசர் டவுன். இன்று இதன் அதிகாரப்பூர்வப் பெயர் புலிகேசி நகர். கன்டோன்மென்ட் பகுதியில் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், எனவே இங்கே மெக்கானிக்கிடம் தமிழிலேயே விளக்கலாம். உதிரி பாகம் தேவை என்றால் பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோடு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்.

கற்றுக்கொண்டே சரிசெய்ய விரும்பினால் இன்னொரு வழி உண்டு. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கியது ‘ரிப்பேர் கஃபே’ இயக்கம். உடைந்த பொருளை எடுத்துக்கொண்டு போனால், தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுத் தருவார்கள். பூர்ணா சர்க்கார், அந்தரா முகர்ஜி ஆகியோர் 2015-ல் இதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது ‘ஸ்பீக்கர் வேலை செய்யல’ என்று சொல்லாதீர்கள். ‘வயர் மாத்திப் பார்த்தேன், ஆம்ப் நல்லாருக்கு. வூஃபர் 6 ஓம் காட்டுது, ட்வீட்டர் ஓபன்’ என்று சொல்லுங்கள். பேச்சே மாறும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

- எந்தப் பாகம் போயிருக்கு? எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?
- கூலி தனியா, பாகம் தனியா எவ்வளவு ஆகும்?
- கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீங்களா?
- எத்தனை நாளுக்குப் பொறுப்பு?

வாரன்டி காலத்துக்குள் இருக்கும் பொருளை வெளியே திறக்காதீர்கள். முதலில் நிறுவனத்திடம் போங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘பார்ட்ஸ் வராது’ என்ற பதிலை அரசும் கவனித்திருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான விதிகளை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் அதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளின் பழுதுபார்ப்புத் தகவல்களை ஒரே இடத்தில் கொண்டுவருவது அதன் நோக்கம்.

ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் கொடுக்கும் குறியீட்டை உருவாக்க 2024-ல் இன்னொரு குழு அமைக்கப்பட்டது. 2025 மே மாதம் அது அறிக்கை கொடுத்தது. ஆனால் அது எடுத்துக்கொண்டது மொபைலையும் டேப்லெட்டையும்தான். ஸ்பீக்கர் அந்த வரிசையில் இல்லை.

எனவே இப்போதைக்கு அந்த மதிப்பெண்ணை நீங்களேதான் போட வேண்டும். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்: ஸ்க்ரூவால் மூடியிருக்கிறதா, பசையால் ஒட்டியிருக்கிறதா? ஓரம் ரப்பரா, ஃபோமா? ஆம்பும் பெட்டியும் தனித்தனியா? பேட்டரியை மாற்ற முடியுமா?

எப்போது விட்டுவிடலாம்?

எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு இது: பழுதுச் செலவு, அதே தரத்தில் புதிது வாங்கும் விலையில் பாதிக்கு மேல் போனால் யோசிப்பேன். பெட்டி மரம் ஈரத்தில் ஊதியிருந்தால், நிறுவனம் மென்பொருளை நிறுத்தி ஸ்மார்ட் ஸ்பீக்கரே முடங்கியிருந்தால் விட்டுவிடுவேன். அப்போதும் குப்பையில் போடாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன.

என் கதைக்கு வருகிறேன். சால்டர் வைத்து முடித்ததும் மெக்கானிக் அண்ணன் கேட்டார்: “புது ஆம்ப் வாங்கினேன்னு சொன்னீங்களே, பழசை என்ன பண்ணீங்க?” பழைய பேப்பர்காரருக்காக எடுத்து வாசலில் வைத்திருந்தேன். நல்லவேளையாக அவர் இன்னும் வரவில்லை.

அப்பா வந்தபோது பழைய ஆம்போடு பழைய பெட்டிகளைத்தான் மாட்டி வைத்திருந்தேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தலையைத் திருப்பினார்.

“இடது பக்கம் வயரை மாத்திப் போட்டிருக்கே போல. பேஸ் வரலை பாரு.”

போய்ப் பார்த்தேன். + இடத்தில் − இருந்தது.